ஒரு லீற்றர் எவ்வளவு தூரம்?

2022ஆம் ஆண்டு யூலை மாதத்தின் இறுதியில், இலங்கையில் வாகனம் வைத்திருந்தோர் அனைவருக்கும் ஒரு புதுக் கணக்குப் பாடம் தொடங்கியது. எரிபொருள் நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் நீண்டு கிடந்த வரிசைகளை ஒழுங்குபடுத்தும் பொருட்டுப் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. கைத்தொலைபேசியில் தோன்றும் சதுரக் குறியீட்டைக் காட்டினால், கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல் கிடைக்கும். அதற்குமேல் ஒரு துளியும் கிடையாது. 2023 செப்டெம்பரில் அம்முறை கைவிடப்படும்வரை, பங்கின் அளவு பின்னர் கூடியதேனும், எண்ணி ஓட்டும் வாழ்க்கையே பலருக்கும் வாய்த்தது.

கிராமப் பாடசாலை ஒன்றுக்குச் சிறு காரில் சென்றுவரும் ஆசிரியை ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்க. போக 30 கிலோமீற்றர், வர 30 கிலோமீற்றர். ஐந்து நாட்களில் 300 கிலோமீற்றர். காரை விற்றவர் காட்டிய தாளில், லீற்றருக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் என்று அச்சிடப்பட்டிருந்தது. இருபது என்றே வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 15 லீற்றர் போதும். மீதி 5 லீற்றரில் தாயாரை வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லலாம், சந்தைக்கும் போகலாம். ஆனால் அந்தக் கார் உண்மையில் லீற்றருக்கு 14 கிலோமீற்றரே ஓடுமாயின், 20 லீற்றருக்கு 280 கிலோமீற்றருடன் கணக்கு முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டு வரும் வழியில், வீட்டுக்கு இன்னும் 20 கிலோமீற்றர் இருக்கும்போது கார் நின்றுவிடும். தாளில் உள்ள எண்ணுக்கும் தெருவில் உள்ள எண்ணுக்கும் இடையேயான வேறுபாடு வெறும் புள்ளிவிவரமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

விலைக் கணக்கும் இதனையே கூறும். 2022 சனவரியில் 92 ஒக்ரேன் பெற்றோல் ஒரு லீற்றர் 177 ரூபாவுக்கு விற்றது. அவ்வாண்டு யூன் மாதக் கடைசியில் அது 470 ரூபாவாயிற்று. 14 கிலோமீற்றர் ஓடும் காருக்கு ஒரு கிலோமீற்றர்ச் செலவு ஏறக்குறைய 12 ரூபா 60 சதத்திலிருந்து 33 ரூபா 60 சதத்துக்கு ஏறியது. அதே விலையில் 20 கிலோமீற்றர் ஓடும் காருக்கு 23 ரூபா 50 சதமே ஆகும். ஆகவே, சிறு கார் ஒன்று அன்றாட ஓட்டத்தில் உண்மையாகவே எவ்வளவு பெற்றோல் குடிக்கிறது, ஏன் குடிக்கிறது, அதனை எவ்வாறு அறிவது என்பன குடும்பத்தின் வரவுசெலவோடு நேரே தொடர்புடைய வினாக்களாகும்.

சிறு கார் என்பதே எரிபொருள் தட்டுப்பாட்டின் பிள்ளை எனலாம். 1956இல் சுயஸ் கால்வாய் மூடப்பட்டபோது பிரித்தானியாவில் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. அந்நெருக்கடியே, நால்வர் அமரத்தக்கதும் மிகக் குறைந்த பெற்றோலில் ஓடத்தக்கதுமான சிறிய கார் ஒன்றை வடிவமைக்கும்படி அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் பணிக்கப்படக் காரணமாயிற்று. 1959 ஆகத்தில் வெளிவந்த மினி என்னும் அந்தக் கார் 10 அடி நீளமே உடையது. அதன் எஞ்சினின் கொள்ளளவு 848 கன சென்ரிமீற்றர். இலங்கைத் தெருக்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மொறிஸ் மைனரை 1948இல் உலகுக்குத் தந்தவரும் அவரே. யப்பானும் போருக்குப் பிந்திய வறுமையில், வரிச் சலுகையோடு கூடிய சிற்றூர்தி வகை ஒன்றை வகுத்தது. இன்று அவ்வகைக் காரின் எஞ்சின் 660 கன சென்ரிமீற்றரையும் நீளம் 3.4 மீற்றரையும் தாண்டலாகாது. இந்தியாவில் 1983இல் வெளிவரத் தொடங்கிய மாருதி 800உம் அந்த யப்பானிய மரபிலிருந்து கிளைத்ததே. இலங்கையில் நடுத்தரக் குடும்பங்கள் வாங்கியுள்ள சிறு கார்களிற் பெரும்பாலானவை இவ்விரு மரபுகளைச் சேர்ந்தவையாகும்.

இனி ஒரு லீற்றர் பெற்றோலுள் அடங்கியிருப்பது யாது என்பதை நோக்குவோர் முதலில் வியப்படைவர். அதனுள் ஏறக்குறைய 320 இலட்சம் யூல் சக்தி அடங்கியுள்ளது. ஆயின் அச்சக்தி முழுவதும் சில்லுகளைச் சென்றடைவதில்லை. எரிகின்ற பெற்றோல் தரும் வெப்பத்திற் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் வழியாகவும் காற்றிலே கலந்துவிடுகிறது. ஒரு பகுதி எஞ்சினுள்ளேயே உராய்வில் அழிகிறது. நல்ல ஓட்டத்தில் நாலில் ஒரு பங்கு, அதாவது 80 இலட்சம் யூல், வண்டியை நகர்த்தும் வேலைக்குக் கிடைத்தாற் போதும் என்று மகிழ வேண்டியதுதான். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது அந்தப் பங்கும் சுருங்கிவிடும். எஞ்சின் தன் வலுவில் மிகச் சிறு பகுதியை மாத்திரம் கொடுத்துக்கொண்டிருக்கும் வேளையிலேயே அதன் திறன் மிகக் குறைவாயிருப்பது இயல்பு. பெரிய எஞ்சினைச் சிறு வேலைக்கு ஏவுவது, ஒரு பிடி அரிசியைச் சோறாக்கக் கலியாண வீட்டுக் கிடாரத்தை அடுப்பேற்றுவது போன்றது. சிறு எஞ்சின் சிக்கனமாயிருப்பதற்குரிய முதற் காரணம் இதுவே.

கிடைத்த 80 இலட்சம் யூலுக்குப் பல பங்காளிகள் உளர். அவர்களுள் முதல்வன் பிறேக். இது முரண்போலத் தோன்றலாம். பிறேக் பெற்றோல் குடிப்பதில்லையே என்று கேட்கலாம். ஆயின், ஆட்களோடு 1000 கிலோகிராம் திணிவுள்ள கார் மணித்தியாலத்துக்கு 50 கிலோமீற்றர் வேகத்தை அடைந்திருக்கும்போது, அதனிடம் ஏறக்குறைய ஓர் இலட்சம் யூல் இயக்கசக்தி இருக்கிறது. அது பெற்றோலிலிருந்து பெறப்பட்டது. சந்தியில் சிவப்பு விளக்கைக் கண்டு பிறேக்கை மிதித்ததும், அச்சக்தி முழுவதும் சில்லின் தட்டுகளில் வெப்பமாக மாறி வீணாகிறது. மீண்டும் அதே வேகத்தை எட்டுவதற்கு லீற்றரில் எண்பதில் ஒரு பங்கு, அதாவது இரண்டு தேக்கரண்டிக்குச் சற்று மிகுதியான பெற்றோல், புதிதாகச் செலவாக வேண்டும். எண்பது தரம் நின்று புறப்பட்டால், ஓர் அடி தூரமும் கூடுதலாகச் செல்லாமலே ஒரு லீற்றர் போய்விடும். கொழும்பில் காலி வீதி நெடுகிலும் மாலை வேளையில் நின்று நின்று செல்லும் கார் எத்தனை தரம் இவ்வாறு நின்று எழுகிறது என்பதை எண்ணிப் பார்த்தவர், தம் கார் ஏன் அங்கே அதிகம் குடிக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேடமாட்டார். மேலும், இச்சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவது. 70 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிறுத்துபவர், 50இலிருந்து நிறுத்துபவரைப் போல் ஏறக்குறைய இருமடங்கை வீணாக்குகிறார்.

இரண்டாம் பங்காளி காற்று. கார் மெதுவாகச் செல்லும்போது காற்றின் தடையை எவரும் உணர்வதில்லை. ஆனால் அதுவும் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளரும். 50 கிலோமீற்றர் வேகத்தில் இருந்த தடை 100 கிலோமீற்றர் வேகத்தில் நான்கு மடங்காகும். அதிவேக நெடுஞ்சாலையில் நிற்றலும் புறப்படலும் இல்லாதிருந்தும், 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் சிறு கார் எதிர்பார்த்த அளவு சிக்கனம் காட்டாததற்கு இதுவே காரணம். அதே காரை 70 அல்லது 80இல் சீராக ஓட்டினால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதற்கு இன்னுமோர் இயற்கைப் பாடம் உண்டு. சோளகக் காற்று வீசும் மாதங்களில், பண்ணைப் பாலத்தின் வழியே தீவகத்தை நோக்கிச் செல்லும் கார் காற்றை எதிர்த்துச் செல்கிறது. கார் 60 கிலோமீற்றர் வேகத்திலும் எதிர்காற்று 20 கிலோமீற்றர் வேகத்திலும் இருந்தால், காருக்கு அது 80 கிலோமீற்றர் வேகம் போன்றதே. தடை ஏறக்குறைய முக்காற் பங்கு கூடிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னின்று உதவுமாயினும், போகும்போது இழந்தது முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை. சைக்கிளில் அவ்வழியே சென்றவர்கள் கால்களால் அறிந்த உண்மையைக் கார் பெற்றோலால் அறிகிறது.

மூன்றாம் பங்காளி தெருவும் ரயரும். உருளும் ரயர் தெருவைத் தொடும் இடத்தில் நசுங்கி மீண்டும் நிமிர்கிறது. அந்த நசுக்கத்தில் ஒரு பகுதி சக்தி வெப்பமாகிறது. சிறு காரில் இத்தடை அமைதியாக, ஆயின் ஓயாமல், ஒவ்வொரு மீற்றரிலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ரயரில் காற்றின் அமுக்கம் குறைந்தால் நசுக்கம் கூடும், பங்கும் கூடும். மணலும் குழியுமான ஒழுங்கைகளில் அது இன்னும் மிகும்.

நான்காம் பங்காளி ஏற்றம். குடாநாட்டிலும் மட்டக்களப்பிலும் இதனைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குச் செல்லும் கார், தன்னைத்தானே அவ்வளவு உயரம் தூக்கிக்கொண்டு செல்லவேண்டும். 1000 கிலோகிராமை அவ்வளவு உயர்த்துவதற்கு 183 இலட்சம் யூல் வேண்டும். மேற்சொன்ன கணக்கின்படி இதற்கு மாத்திரம் 2 லீற்றருக்கு மேல், ஏறக்குறைய 2.3 லீற்றர், செலவாகும். தூரத்துக்குரிய செலவு இதன்மேல் வேறாக உண்டு. இறங்கும்போது பெற்றோல் மிகச் சிறிதே வேண்டும் என்பது உண்மை. ஆயினும் ஏறுகையில் சேமித்த சக்தியில் கணிசமான பங்கு வளைவுகள்தோறும் பிறேக்கிலே வெந்துபோகிறது. ஹற்றனில் வாழ்பவரும் கிளிநொச்சியில் வாழ்பவரும் ஒரே வகைக் காரை வாங்கி, இரு வேறு எண்களைக் கூறுவார்களாயின், இருவரும் உண்மையே கூறுகிறார்கள் என்று கொள்ளவேண்டும்.

இந்நால்வருக்கும் புறம்பாக, ஒரு மீற்றரும் நகராமலே குடிப்பவையும் உள. நின்ற நிலையில் ஓடவிடப்பட்ட சிறு எஞ்சின் மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் வரை குடிக்கும். குளிரூட்டியும் இயங்கினால் இன்னும் கூடும். பாடசாலை வாசலில் பிள்ளைக்காகவும், கடை வாசலில் சாமானுக்காகவும் நாளொன்றுக்கு 20 நிமிடம் இவ்வாறு நிற்கும் கார், மாதத்தில் 25 நாட்களுக்கு 4 லீற்றர் அளவில் நின்றபடியே குடித்துவிடும்.

குளிரூட்டியைப் பற்றி ஒரு சிறு கணக்கு நினைவில் நிற்கத்தக்கது. சமதளத்தில் மணித்தியாலத்துக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் சிறு காரைச் சீராகத் தள்ளிச் செல்ல ஏறக்குறைய ஒரு பரிவலு போதும், அதாவது முக்காற் கிலோவாற்று. ஆனால் வெயில் எரிக்கும் நண்பகலில் குளிரூட்டி கேட்பது ஒன்று முதல் இரண்டு கிலோவாற்று. நெரிசலில் ஊரும் காரில், காரை நகர்த்துவதற்கு ஆகும் வலுவிலும் அதற்குள் இருப்போரைக் குளிர்விக்க ஆகும் வலு மிகுதியாயிருக்கக்கூடும் என்பதை இக்கணக்குக் காட்டுகிறது. நெடுந்தெருவில் வேகமாகச் செல்லும்போது இதே குளிரூட்டியின் பங்கு சிறிதாகத் தோன்றும். அப்போது காரின் ஏனைய தேவைகள் பெரிதாகிவிடுகின்றன. அதே நேரத்தில் கடக்கும் தூரமும் கூடுகிறது.

குறும்பயணமும் ஒரு மறைவான செலவாகும். குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் தடித்திருக்கும், உராய்வு மிகும். எரிதல் செவ்வனே நடக்க ஆரம்பத்திற் கூடுதலான பெற்றோல் ஊட்டப்படும். காலையில் பாண் வாங்க இரண்டு கிலோமீற்றர் போய்வரும் கார், எஞ்சின் சூடேறு முன்னரே வீடு திரும்பிவிடுகிறது. அத்தகைய பயணங்களே வாரம் முழுவதும் அமைந்தால், நல்ல காரும் கெட்ட பெயரெடுக்கும். பனி பெய்யும் நாடுகளைப் போல் இலங்கையில் இச்செலவு கடுமையானதன்று. ஆயினும் இல்லையென்று சொல்வதற்கில்லை.

இவ்வளவும் அறிந்த பின், தாளில் அச்சிடப்பட்ட எண் எங்கிருந்து வந்தது என்னும் வினா எழும். அது தெருவில் எடுக்கப்பட்டதன்று. ஆய்வுகூடத்தில், உருளைகளின்மேல் காரை நிறுத்தி, முன்னரே வகுத்த நிரலின்படி இத்தனை விநாடி இவ்வளவு வேகம், இத்தனை விநாடி நிறுத்தம் என்று ஓட்டிப் பார்த்து எடுக்கப்பட்டது. தெருவின் தடையும் காற்றின் தடையும் உருளைகளில் செயற்கையாக ஏற்றப்படும். யப்பானில் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வழங்கிய சோதனை நிரல் 20 நிமிடம் கொண்டது. அதன் முழுத் தூரம் 8 கிலோமீற்றருக்குச் சற்று மேல். அதன் மிகக் கூடிய வேகம் 82 கிலோமீற்றருக்கும் குறைவு. ஐரோப்பாவில் 2017 வரை வழங்கிய நிரலும் ஏறக்குறைய 20 நிமிடமே. அவற்றுள் குளிரூட்டி இயக்கப்படுவதில்லை, ஏற்றம் இல்லை, சோளகமும் இல்லை, ஆட்டுக்கும் மாட்டுக்கும் நிறுத்தவேண்டிய தேவையும் இல்லை. 2014 திசெம்பரில் வெளிவந்த யப்பானியச் சிறு கார் ஒன்று, சுசுக்கி அல்ற்றோ, அந்நாட்டு நிரலின்படி லீற்றருக்கு 37 கிலோமீற்றர் எனப் பதிவாயிற்று. அந்த எண்ணை நம்பி, கொழும்பு நெரிசலில் அதனை எதிர்பார்ப்பவர் ஏமாற்றமடைவது திண்ணம்.

எனினும் அந்த எண் பொய் என்று தள்ளிவிடுவதும் நேர்மையன்று. அது பரீட்சைப் புள்ளியை ஒத்தது. எல்லா மாணவரும் ஒரே வினாத்தாளுக்கு, ஒரே நேர அளவில் விடையெழுதும்போது, யார் யாரிலும் முந்தியவர் என்பதை அப்புள்ளி காட்டும். ஆனால் அம்மாணவர் நாளை கடையிலோ வயலிலோ அலுவலகத்திலோ எவ்வாறு தொழில் செய்வார் என்பதைப் புள்ளி மாத்திரம் கூறிவிடாது. ஒரே நிரலில் 25 பெற்ற காரும் 20 பெற்ற காரும் ஒரே தெருவில் ஒரே கையால் ஓட்டப்பட்டால், பெரும்பாலும் முன்னையதே முந்தும். ஒரு நாட்டு நிரலில் பெற்ற எண்ணை இன்னொரு நாட்டு நிரலில் பெற்ற எண்ணோடு ஒப்பிடுவதுதான் தவறு. யப்பானியத் தாளையும் இந்தியத் தாளையும் அருகருகே வைத்துப் பார்த்துக் கார் வாங்குவோர், இரு வேறு வகுப்புகளின் புள்ளிகளை ஒன்றாகக் கூட்டுபவராவர்.

பரீட்சைக்கென்றே படிக்கும் வழக்கமும் இவ்வுலகில் உண்டு. ஐரோப்பாவில் 2001ஐ ஒட்டிய காலத்தில் தாளுக்கும் தெருவுக்குமிடையே நூற்றுக்குப் பத்துக்குக் குறைவாயிருந்த இடைவெளி, 2015 அளவில் நூற்றுக்கு நாற்பதை அண்மியது. கார்கள் தெருவில் அவ்வளவு கெட்டுவிடவில்லை. சோதனையின் விதிகளிலிருந்த நெகிழ்ச்சிகளைப் பயன்படுத்தும் திறமையே வளர்ந்தது. 2016 ஏப்பிரலில் யப்பானின் மிற்சுபிசி நிறுவனம், நான்கு வகைச் சிறு கார்களில், 6,25,000 வண்டிகளுக்குரிய தடை அளவுகளைத் தனக்குச் சாதகமாகத் திரித்துக் கொடுத்ததை ஒப்புக்கொண்டது. உருளையில் ஏற்றும் தடையைக் குறைத்துக் காட்டினால், கார் குறைவாகக் குடித்ததாகத் தோன்றும் என்பது முன்பு கூறியவற்றிலிருந்து விளங்கும். இவற்றின் பயனாகச் சோதனைகள் திருத்தப்பட்டன. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்தே, குளிரூட்டியையும் குளிர்காலத்தையும் கூடிய வேகத்தையும் கணக்கிற் சேர்த்து எண்ணை வெளியிடுகிறார்கள். ஐரோப்பாவில் 2017இல் வந்த புதிய நிரல் 30 நிமிடமும் 23 கிலோமீற்றரும் கொண்டது. அதன் பின்னரும், கார்களிலேயே பொருத்தப்பட்ட மானிகளின் பதிவுகளை ஆராய்ந்த ஐரோப்பிய ஆணைக்குழு, பெற்றோல் டீசல் கார்கள் தாளிற் கண்டதைவிட ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு கூடுதலாகவே எரிக்கின்றன என்று 2024இல் அறிவித்தது. ஆகவே எவ்வளவு நேர்மையான சோதனையும், ஒவ்வொருவரின் தெருவையும் தன்னுள் அடக்கிவிட இயலாது.

எனவே தம் காரின் உண்மை எண்ணை அறிய விரும்புவோர் தாமே அளந்து பார்ப்பதுதான் வழி. அதற்கு ஒரு பயிற்சிக் கொப்பியும் பென்சிலும் போதும். முதலில் பெற்றோல் தாங்கியை நிரப்பி, குழாய் தானாக நிற்கும் இடத்தில் நிறுத்தித் தூரமானியின் எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும். பின்னர் வழக்கம்போல் ஓட்டவேண்டும். மீண்டும், இயலுமானால் அதே நிலையத்தில் அதே குழாயில், முன்போலவே தானாக நிற்கும்வரை நிரப்பி, ஊற்றிய லீற்றரையும் தூரத்தையும் குறிக்கவேண்டும். 412 கிலோமீற்றர் ஓடி 29.4 லீற்றர் பிடித்ததாயின், லீற்றருக்கு 14 கிலோமீற்றர் என்பது விடை. எரிபொருள் மானியின் முள்ளை நம்பிக் கணக்கிடுவது பயனற்றது. ஐந்து லீற்றர் அடித்து அதனைக் கொண்டு கணிப்பதும் தவறு. நிரப்புவதில் ஒரு லீற்றர் பிழை நேர்ந்தால், 30 லீற்றரில் அது நூற்றுக்கு மூன்றளவே. 5 லீற்றரில் அது நூற்றுக்கு இருபது. நாலைந்து தரம் நிரப்பி, முழுத் தூரத்தை முழு லீற்றரால் வகுப்பதே நம்பத்தக்கது.

இங்கே கணக்கில் ஒரு வழுக்கும் இடம் உண்டு. லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடிய காரைத் திருத்தி 12 ஆக்குவதும், 20 ஓடிய காரை 22 ஆக்குவதும் ஒரே ஆதாயம் என்று தோன்றும். 1000 கிலோமீற்றருக்குப் பார்த்தால், முன்னையது 100 லீற்றரிலிருந்து 83 ஆகக் குறைந்து 17 லீற்றரை மிச்சப்படுத்தும். பின்னையது 50இலிருந்து 45.5 ஆகி, 4.5 லீற்றரையே மிச்சப்படுத்தும். ஆகவே நன்றாக ஓடும் சிறு காரிலிருந்து இன்னும் ஓரிரு கிலோமீற்றரைப் பிழிந்தெடுக்கப் பாடுபடுவதிலும், அதிகம் குடிக்கும் பழைய வண்டியைக் கவனிப்பதே பெரும் பயன் தரும். மைலையும் கலனையும் கொண்டு பேசும் முதியோருக்கு, கலனுக்கு 40 மைல் என்பது லீற்றருக்கு 14 கிலோமீற்றருக்குச் சற்று மேல் என்று சொன்னால் விளங்கும்.

எண்ணை அறிந்தபின் செய்யத்தக்கவை பலவல்ல; செய்தால் பயன்படுபவையே. தூரத்தே சிவப்பு விளக்கைக் கண்டதும் வேக மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, காரைத் தன் ஓட்டத்திலேயே தணியவிடுவது முதலாவது. பிறேக்கில் எரியும் பெற்றோலைக் காப்பாற்றுவது இதுவே. மிதமாக வேகமெடுத்து, எஞ்சின் திணறாத அளவில் விரைவாக மேற்கியருக்கு மாறுவது இரண்டாவது. ரயரின் அமுக்கத்தை மாதம் இருமுறையேனும், ரயர் சூடேறாத வேளையில், கார்க் கைந்நூலிற் சொன்ன அளவுக்குச் சரிபார்ப்பது மூன்றாவது. இதனால் மிச்சமாவது நூற்றுக்கு இரண்டு மூன்றே எனினும், ரயரின் ஆயுளும் பயணிகளின் உயிரும் இதனோடு சேர்ந்து காக்கப்படுகின்றன. காத்திருக்கும்போது எஞ்சினை நிறுத்துவது நான்காவது. காரின் பின்பெட்டியில் மாதக்கணக்காகச் சும்மா கிடக்கும் பாரத்தையும், கூரைமேல் வெறுமனே நிற்கும் சட்டத்தையும் அகற்றுவது ஐந்தாவது.

செய்யத்தகாதவையும் உள. இறக்கத்தில் கியரை விடுவித்து ஓட்டினால் பெற்றோல் மிச்சம் என்பது காபறேற்றர்க் காலத்து நம்பிக்கை. இக்காலத்து எஞ்சின்களில், கியரில் இருந்தபடி வேக மிதியை விட்டால் பெற்றோல் ஊட்டுவது முற்றாக நின்றுவிடும். கியரை விடுவித்தாலோ, எஞ்சின் அணையாதிருப்பதற்காகச் சிறிது பெற்றோல் எரிந்துகொண்டே இருக்கும். கடுகண்ணாவை இறக்கத்தில் எஞ்சினின் பிடியை இழந்து, பிறேக்கை மாத்திரம் நம்பியிருப்பது உயிராபத்துமாகும். அவ்வாறே 92 ஒக்ரேன் போதுமென வகுக்கப்பட்ட எஞ்சினுக்கு 95ஐ ஊற்றுவதால் தூரம் கூடிவிடுவதில்லை. ஒக்ரேன் எண் பெற்றோலின் அடிப்புத் தாங்கும் ஆற்றலைக் குறிப்பதேயன்றிச் சக்தியின் அளவைக் குறிப்பதன்று.

இறக்கத்திலும் நிறுத்தத்திலும் இழக்கும் சக்தியை மின்கலத்தில் சேமித்து மீண்டும் பயன்படுத்தும் கலப்பின வண்டிகள் 1997இலிருந்து யப்பானில் விற்பனைக்கு வந்தன. அவை நெடுந்தெருவிலும் பார்க்க நகர நெரிசலிலேயே தம் சிறப்பைக் காட்டுவதன் காரணம் இப்போது வெளிப்படை. பிறேக் என்னும் முதற் பங்காளி எங்கே அதிகம் எடுக்கிறானோ, அங்கேதான் திரும்பப் பெறவும் அதிகம் இருக்கிறது.

இறுதியாக, கணக்கின் இன்னொரு பக்கத்தையும் பார்த்தல் வேண்டும். ஒரு காருள் ஒருவர் சென்றால், 14 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் என்பது அவருடைய தனிச் செலவு. அதே காருள் நால்வர் சென்றால் பாரம் கூடி எண் 14இலிருந்து 13 ஆகலாம். ஆனால் ஒரு லீற்றர் நால்வரையும் 13 கிலோமீற்றர் கொண்டுசெல்கிறது. தலைக்குக் கால் லீற்றரே ஆகிறது. லீற்றருக்கு மூன்று நான்கு கிலோமீற்றரே ஓடும் பஸ் ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும்போது, அதனை எந்தச் சிறு காராலும் வெல்லவியலாது. ரயரையும் கியரையும் கொண்டு பெறத்தக்க மிச்சம் சிறு மிச்சம். வெறுமையாகக் கிடக்கும் ஆசனங்களை நிரப்புவதால் வருவதே பெரு மிச்சம்.

தொடக்கத்திற் கண்ட ஆசிரியையின் கணக்குக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. கொப்பியும் பென்சிலும் கொண்டு 14 என்னும் எண்ணைத் திங்கட்கிழமைக்கு முன்னரே அறிந்திருந்தவர், வெள்ளிக்கிழமை தெருவோரத்தில் நிற்கமாட்டார். அதே வழியில் வேலை செய்யும் மற்றோர் ஆசிரியரோடு முறைவைத்து, ஒரு வாரம் ஒருவர் காரிலும் மறு வாரம் மற்றவர் காரிலுமாகச் சென்றால், இரு வாரங்களில் அவர் பங்குக்கு 40 லீற்றர் கிடைக்கும். பாடசாலைப் பயணத்துக்கு 22 லீற்றர் அளவே ஆகும். மீதியில் தாயாரை வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லலாம். தாள் காட்டிய 20 தராத ஆறுதலை, தாமே அளந்த 14 தந்துவிடும்.